இட்லிப் பானையில் வெந்த வால்வு

சளி, கணக்கில் ஃபெயில், கல்யாணம் தட்டிப்போவது என உலகத்தின் எல்லாத் துன்பத்துக்கும் ஒரே காரணம் கண்டுபிடித்த மேதை எங்கள் வால்வு மாமாதான். "எங்கியோ வால்வு அடச்சிருக்கும்டா. கழட்டிப் பாத்தியா?" என்பார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன். ஆகவே இந்த வைத்தியம் எனக்குத் தினமும் இலவசம்.

மாமாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. மணலோ சேறோ, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதில் இ.ஜி.ஆர். வால்வு என்று ஒன்று. என்ஜின் வெளியே விட்ட புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. வண்டி பழசானால் அதில் கரி அப்பி, திறந்தது திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஜீப் இருமும், கறுப்பாகக் கக்கும், படுத்துவிடும்.

ஒருமுறை தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் படுத்துவிட்டது. பாவம், மீனவர்கள் பின்னால் நின்று தள்ளினார்கள். மாமா ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். புகை கலைந்தபோது எல்லோருக்கும் ஒரே முகம்.

"யோவ் மாமா, இன்னாய்யா இப்புடி மை பூசிட்ட?"

"நான் பூசலடா, வால்வு பூசிச்சி!"

மெக்கானிக் சுலபமான வழி சொன்னார். "ஒரு தகடு வெச்சி அடச்சிடலாம் மாமா. எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

"உன் மூக்குல தகடு வெச்சி அடச்சா ஒத்துக்குவியா?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வால்வைக் கழற்றித் தானே தேய்ப்பார். எவ்வளவு தேய்த்தும் போகாத கரி, சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தால் போகும் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. சரோஜா அத்தையின் இட்லிப் பானைதான் கைக்கு வாட்டமாக இருந்ததாம்.

மறுநாள் இட்லி டீசல் மணத்தோடு வந்தது. அத்தை சண்டையே போடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மாமா ஆடிப்போய்விட்டார். ஞாயிறு வந்தது. வால்வைத் தொடவே இல்லை. "அவ இல்லாம வூடு வூடாவே இல்லடா. கூட்டிக்கினு வந்துடலாம், நீயும் வா" என்றார்.

புத்தம்புது இட்லிப் பானை என் மடியில். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜீப் இரும ஆரம்பித்தது. பின்னால் வந்த பஸ்ஸில் படபடவென்று ஜன்னல்கள் மூடின. வண்டி எப்படியோ தவழ்ந்து சிதம்பரம் வடக்கு வீதியில், மச்சான் வீட்டு வாசலிலேயே உயிரை விட்டது. அத்தை பானையை வாங்கி மோந்து பார்த்தார்.

"இதுல எத்தினி வால்வு வெந்துச்சி?"

"நடராசர் சத்தியமா ஒண்ணும் வேகல. வூட்டுக்கு வா சரோசா."

அத்தை அவரையும் பார்த்தார், ஜீப்பையும் பார்த்தார். "வண்டி கெடக்கட்டும். கைய கழுவிக்கினு சாப்புட வாங்க."

வண்டி ரிப்பேராகக் கிடக்கும்போது மாமா சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். சாப்பிட்டு முடித்து, "நீ பஸ்ஸுல போடா. வண்டி ரெடியானதும் நாங்க வந்துடறோம்" என்றார்.

மாதங்கள் ஓடிவிட்டன. எப்போது போன் செய்தாலும், "இன்னும் ரிப்பேர் முடியலடா" என்கிறார். போன வாரம் அத்தையே போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் போய்க் கிசுகிசுத்தார். "வண்டி மறுநாளே சரியாயிடுச்சிப்பா. எனக்கு இந்த நடராசர் கோயில வுட்டு வர மனசில்ல. பொண்டாட்டிக்காவ மச்சான் வூட்லயே தங்கிட்டேன்னு சொல்ல அவருக்குக் கூச்சம். நீயும் நம்புற மாதிரியே இருந்துடு."

இருக்கிறேன். "அவசரமில்ல மாமா, வண்டி ரெடியானதும் மெதுவா வாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, கீழே பூட்டிக்கிடக்கும் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அவசரம்தான்.