பெருஞ்செவியாரின் பதினோரு மணி அழைப்பு

மூன்று பக்கம் கடலும் நான்காவது பக்கம் சுங்கச்சாவடியும் எல்லையாகக் கொண்ட நாடு அது. பெயர் முந்நீர்நாடு. அதை ஆண்டவருக்குப் பெருஞ்செவியார் என்று பட்டம். மக்களின் குறை கேட்பதற்காகவே பிறந்தவன் என்று அவரே மூன்று தேர்தல்களில் சொல்லியிருந்தார். நான்காவது தேர்தலுக்கு முன்பு சட்டமன்றம் அதை ஏற்றுக்கொண்டு பட்டத்தை வழங்கியது. அவருடைய சிலைகளில் காது மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கும். வாய் திறந்திருக்கும்.

அவர் ஆட்சியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதை மறைப்பது நியாயமில்லை. வீடுதோறும் இருந்த பழைய தொலைபேசிக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் வந்தது. வீட்டுக்கொரு மோடம். அதில் பச்சை விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது, அணைந்தால் இல்லை. முதல் ஆறு மாதம் எல்லா வீட்டிலும் எரிந்தது.

ஆறு மாதம் கழித்துப் பெருஞ்செவியாருக்கு ஒரு மனக்குறை வந்தது.

"இவ்வளவு செய்திருக்கிறோம். நன்றி சொல்ல ஒருவர்கூடக் கூப்பிடவில்லையே?"

"ஆசை இருக்கிறது ஐயா. தயக்கம்தான்" என்றார் இணைப்புத்துறை அமைச்சர் கனகசிகாமணி. "நாமே கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் அவர்களுக்கும் சுலபம்."

இப்படித்தான் சிவப்புக் கருவி பிறந்தது. வீடுகளில் இருந்த கறுப்புத் தொலைபேசிகளை அரசு திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் சிவப்புத் தொலைபேசி ஒன்றைக் கொடுத்தது. கூடத்தில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். விசேஷ நாட்களில் மாலை போட வேண்டும். தினமும் காலை பதினோரு மணிக்கு அது அடிக்கும். எடுத்தால் பெருஞ்செவியாரின் பதிவுக் குரல் கேட்கும்: "உங்கள் இணைப்பு நலமா? நலம் என்றால் ஒன்றை அழுத்தவும். மிக நலம் என்றால் இரண்டை அழுத்தவும்."

கருவிகளை அமைச்சரின் மருமகனுடைய பட்டறை பதினோரு நாளில் செய்து முடித்தது. தொலைபேசிக்கும் சுவருக்கும் இடையே வழக்கமாக ஒரு சிறு வெள்ளை டப்பா இருக்கும். பேச்சையும் இணையத்தையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பிரித்துவிடும் வடிகட்டி அது. கருவியின் முகப்பில் தலைவரின் படத்தைப் பொறிக்கவே நேரம் போய்விட்டதால், வடிகட்டி விடுபட்டது. ஆகவே சிவப்புக் கருவி அடித்தாலும் சரி, அதில் பேசினாலும் சரி, பச்சை விளக்கு அணைந்தது. வைத்துவிட்டால் சில நிமிடத்தில் தானே எரிந்தது. இதைச் சொல்லத் தெரிந்த பொறியாளர் ஒருவர் துறையில் இருந்தார். அவரை அதற்கு முந்தைய வாரம்தான் சுங்கச்சாவடிக்கு மாற்றியிருந்தார்கள்.

நாடு முழுவதும் தினமும் இணைப்பு அறுந்தது. ஆராய ஒரு குழு அமைந்தது. கம்பியில் காக்கை உட்காருவதே காரணம் என்று குழு கண்டுபிடித்தது. வீட்டுக்கு ஒருவர் தினம் ஒரு மணி நேரம் காக்கை ஓட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. காக்கைகள் போயின; இணைப்பு அறுவது நிற்கவில்லை. அடுத்த ஆணைப்படி எல்லோரும் காலையில் மோடத்தை அணைத்து, இரண்டு நிமிடம் வாழ்த்துப்பா பாடி, மறுபடி போட வேண்டியதாயிற்று. இதற்கும் சரியாகவில்லை என்றதும் பெருஞ்செவியார் கண்கலங்கினார். "என் மக்கள் வாடுகிறார்கள். இனி ஒரு நாளைக்கு மூன்று முறை நான் நலம் விசாரிப்பேன்."

மக்கள் எந்த எண்ணையும் அழுத்தாமல் கருவியை வைக்கத் தொடங்கினார்கள். அமைச்சர் கனகசிகாமணி அதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: எதையும் அழுத்தாதவர் முழு மனநிறைவு அடைந்தவராகக் கருதப்படுவார். கூடவே இன்னொன்று: சிவப்புக் கருவியின் கம்பியைக் கழற்றுவது அரசக் குரலை அறுத்த குற்றம், ஆறு மாதச் சிறை.

*

கடற்கரைத் தெருவில் சந்தனமாரி இருந்தாள். அவள் கணவன் நம்புராசன் மீன்பிடிக்கப் போனபோது நடுக்கடலில் எஞ்சின் நின்று, நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய்த் தீவு நாட்டுக் கடலில் விட்டது. தீவுக் காவலர்கள் அவனைப் பிடித்துவைத்தார்கள். வேண்டுமென்றே எல்லை தாண்டவில்லை என்று மனைவி சாட்சி சொன்னால் விடலாம், திரையில் பேசினாலே போதும் என்றது தீவு நீதிமன்றம். ஒரே ஒரு நிபந்தனை: சாட்சியம் நடுவில் அறுபடக் கூடாது. அறுந்தால், இடைவெளியில் யாரோ சொல்லிக்கொடுத்ததாகக் கொண்டு தள்ளிவிடுவார்கள்.

முதல் விசாரணையில், "எஞ்சினுக்கு என்ன ஆயிற்று?" என்று நீதிபதி கேட்கும்போது அறுந்தது. இரண்டாவது முறை நீதிபதி "எஞ்சினுக்கு" என்று சொல்லும்போதே அறுந்தது. இரண்டு முறையும் நம்புராசனின் முகம் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்து நின்றது. தும்மலா, அழுகையா என்று தெரியாத அந்த முகத்தைத்தான் சந்தனமாரி இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விசாரணை வெள்ளிக்கிழமை. அதுவும் அறுந்தால் இரண்டு வருடச் சிறை, படகு தீவு அரசுக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் பன்னிரண்டாவது முறையாகக் குறைதீர் நிலையத்துக்குச் சிவப்புக் கருவியிலிருந்து பேசினாள். வேறு எதிலிருந்தும் பேச முடியாது.

"வணக்கம். பெருஞ்செவியார் குறைதீர் மேசை பதினேழு. உங்கள் குறை எங்கள் பெருமை." பேசியவள் பெயர் உலகம்மை. "சொல்லுங்கம்மா."

"நெட்டு கட்டாகுதுங்க."

"மோடத்தை அணைச்சு, ரெண்டு நிமிஷம்..."

"வாழ்த்துப்பா பாடிட்டுப் போடணும். காலையிலேர்ந்து நாலு தடவை பாடியாச்சு. தொண்டை கட்டுனதுதான் மிச்சம்."

"சரிம்மா. பச்சை விளக்கு எரியுதா?"

"இல்ல."

"எப்போலேர்ந்து இல்ல?"

"நீங்க போனை எடுத்ததுலேர்ந்து."

உலகம்மை எழுதுவதை நிறுத்தினாள். "அதுக்கு முன்னாடி?"

"நல்லா எரிஞ்சுச்சே. உங்ககிட்ட குறை சொல்லக் கூப்பிட்டாத்தான் எனக்குக் குறையே வருது."

"வச்சிட்டு விளக்கைப் பாத்துக்கிட்டே இருங்க. அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்."

ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள்.

"நீங்க வச்சதும் எரிஞ்சுச்சு. இப்ப மணி அடிச்சதும் பட்டுன்னு அணைஞ்சிருச்சு. அது என்ன, உங்களைக் கண்டா அதுக்குப் பயமா?"

"நெட்டுல அப்படி என்னக்கா அவசர வேலை?"

சந்தனமாரி சொன்னாள். எஞ்சின், நீரோட்டம், இரண்டு விசாரணை, பாதி திறந்த வாய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரெண்டு விசாரணையும் எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கு. நாளைக்கும் பதினொண்ணுக்குத்தான்."

"பதினொண்ணுக்கு உங்க வீட்டுல வேற என்னக்கா நடக்கும்?"



"அடப்பாவி" என்றாள் சந்தனமாரி. "அந்தக் காதுதான் கூப்பிடும்."

"அக்கா, பேச்செல்லாம் பதிவாகுது."

"ஆகட்டும். என்ன செய்யணும்னு சொல்லு தாயி."

உலகம்மையின் மேசையில் ஒரு கையேடு இருந்தது. முதல் பக்கத்தில் அரச முத்திரை, அதன் கீழே பெருஞ்செவியாரின் கையெழுத்து. ஆறு பக்கங்கள் அணைப்பதும் போடுவதும். மணிக்கு இருபது அழைப்பை முடிக்க வேண்டியிருந்ததால், நிலையத்தில் யாரும் ஏழாம் பக்கத்தைத் திருப்பியதில்லை. சிவப்புக் கருவி பிறப்பதற்கு முன்பே அச்சான பக்கம் அது. உலகம்மை திருப்பினாள். படித்தாள். மேற்பார்வையாளர் எங்கே என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"இது நான் சொல்றதில்லக்கா. தலைவர் கையெழுத்துப் போட்ட கையேடு. நான் வாசிக்க மட்டும் செய்றேன். பக்கம் ஏழு. 'கம்பியில் மோடத்தைத் தவிர வேறு எந்தக் கருவி இணைந்திருந்தாலும், அதைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவும்.'"

"எந்தக் கருவியா இருந்தாலுமா?"

"எந்தக் கருவியா இருந்தாலும்னு போட்டிருக்கு."

"கழட்டுனா ஆறு மாசம்னு சொல்றாங்களே."

"ஆமாக்கா. அது சட்டத்துல இருக்கு. இது கையேட்டுல இருக்கு. எனக்கு வாசிக்கத்தான் தெரியும்."

"அந்த மனுசனுக்கு ரெண்டு வருசம், எனக்கு ஆறு மாசம். பரவாயில்ல" என்றாள் சந்தனமாரி. "ஆனா கழட்டிட்டா சரியாச்சான்னு உனக்கு எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேணாம். நாளைக்கு நீங்க கூப்பிடலைன்னா சரியாயிருச்சுன்னு எழுதிக்கிறேன்."

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே திரையில் நீதிபதி வந்தார். பின்னால் நம்புராசன், இரண்டு மாதத் தாடியோடு. சிவப்புக் கருவி கூடத்தில் அதன் இடத்திலேயே இருந்தது. அதன் கம்பியின் நுனி மட்டும் சுவரில் இல்லாமல், மேசைக்குப் பின்னால் சும்மா தொங்கியது.

பெயர், ஊர், படகின் எண் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்போது பக்கத்து வீட்டில் மணி அடித்தது. பிறகு எதிர்வீட்டில். தெரு முழுக்க அடித்தது. சுவரைத் தாண்டிப் பெருஞ்செவியாரின் குரல் கேட்டது: "உங்கள் இணைப்பு நலமா?"

"எஞ்சினுக்கு என்ன ஆயிற்று?" என்றார் நீதிபதி.

சந்தனமாரி பச்சை விளக்கைப் பார்த்தாள். அது எரிந்தது. மறுபடி பார்த்தாள். எரிந்தது.

"அம்மா, கேள்வி கேட்கிறதா?"

"கேக்குதுங்க! நல்லாக் கேக்குது! டீசல் பம்புங்க. போன தடவை கரைக்கு வந்தப்பவே மாத்துன்னு சொன்னேன். இன்னும் ஒரு தடவை ஓடும்னாரு. நான் சொல்றதை என்னைக்குக் கேட்டாரு?"

நீதிபதி கையிலிருந்த தாளைப் புரட்டினார். "'மனைவி பம்பை மாற்றச் சொன்னாள், நான் கேட்கவில்லை' என்று இவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருவரும் ஒரே குற்றத்தைத்தான் சொல்கிறீர்கள். அது என் நீதிமன்றத்துக்கு வரக்கூடிய குற்றம் இல்லை. விடுதலை. படகையும் கொடுத்தனுப்புங்கள்."

திரையில் நம்புராசனின் வாய் பாதி திறந்தது. சந்தனமாரி பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி அந்த வாய் முழுவதும் திறந்து சிரித்தது.

"பம்பை மாத்திர்றேன் புள்ள" என்றான்.

குறைதீர் நிலையத்தில் அன்று உலகம்மை ஒவ்வொரு மணிக்கும் திடுக்கிட்டு எடுத்தாள். ஒருவர் வாழ்த்துப்பாவின் இரண்டாம் வரியை மறந்துபோயிருந்தார். இன்னொருவர் ஊரில் ஓட்டக் காக்கையே இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். கட்டிப்போன தொண்டையோடு பேசும் அந்தக் குரல் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு மணி அடித்தது. உலகம்மை பதிவேட்டில் 'தீர்ந்தது' என்று எழுதி, பேனாவை மூடி, கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை சாப்பிட்டாள்.

*

நம்புராசன் கரை இறங்கிய அன்று தெருவே வந்து எப்படி என்று கேட்டது. சந்தனமாரி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க மட்டும் விட்டாள். மீன் சந்தை வழியாகச் செய்தி ஊருக்குள் போயிற்று, பேருந்து வழியாக மற்ற ஊர்களுக்குப் போயிற்று. குறைதீர் நிலையத்தில் மற்ற மேசைகளிலும் ஏழாம் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கருவிக் கண்காணிப்பாளர் தாண்டவராயர் சோதனைக்கு வந்தார். மாலை வாடாமல் இருக்கிறதா என்று பார்த்தார். தூசி இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"இந்த ஒயர் எங்க போகுது?"

"கீழ போகுதுங்க."

"கீழன்னா?"

"உங்க வீட்டுல எங்க போகுதோ, அங்கதான் சார்."

தாண்டவராயர் நிமிர்ந்தார். இருமினார். அவருடைய மகள் வெளியூர்க் கல்லூரியில் இணையம் வழியாகப் படிப்பதும், அவர் வீட்டில் கம்பி எங்கே தொங்குகிறது என்பதும் அந்தத் தெருவுக்கே தெரியும். படிவத்தில் 'நலம்' என்று எழுதி, ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அரண்மனையில் அமைச்சர் கனகசிகாமணி அறிக்கை வாசித்தார். "ஐயா, இந்த மாதம் நாடு முழுவதும் ஒருவர்கூட ஒன்றை அழுத்தவில்லை. இரண்டையும் அழுத்தவில்லை. சட்டப்படி நூற்றுக்கு நூறு முழு மனநிறைவு."

"குறைகள்?"

"ஒன்றுகூட இல்லை. குறைதீர் மேசைகளில் பூக்கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்."

பெருஞ்செவியார் எழுந்து சன்னல் வரை நடந்தார். அவர் கண்கள் மறுபடி கலங்கின. "இப்படிப்பட்ட மக்களுக்குப் பதிவுக் குரல் போதாது. நாளை முதல் நானே நேரில் பேசுகிறேன். தினம் ஒரு மணி நேரம்."

அப்படியே பேசினார். நான்காம் நாள் பேச்சின் நடுவே கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அமைச்சரைப் பார்த்தார். "எதிர்முனையில் ஒரு சத்தமும் இல்லையே?"

"மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள் ஐயா" என்றார் கனகசிகாமணி. அவர் வீட்டில் மருமகன் முந்தைய வாரமே கம்பியைக் கழற்றியிருந்தான்.

அடுத்த தேர்தலுக்கும் அவர் அந்தக் கருவியிலேயே பிரசாரம் செய்யப் போவதாகக் கேள்வி. ஊர் ஊராக அலைய வேண்டாம், மக்கள்தான் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்று சொல்லிவிட்டாராம்.

கடற்கரைத் தெருவில் நம்புராசன் புதிய டீசல் பம்பைப் பிரித்துவைத்துக்கொண்டு, அதைப் பொருத்தும் முறையைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஈரத் துண்டு சிவப்புக் கருவியின் மேல் காய்கிறது. மணி பதினொன்று. அரண்மனையில் பெருஞ்செவியார் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். நாடு முழுவதும், வீட்டுக்கு வீடு, பச்சை விளக்குகள் அசையாமல் எரிகின்றன.