அம்மா சொன்ன நீளம்

துப்பாக்கிக் குழலின் நீளத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். முடியாவிட்டால், கடைக்காரரிடம் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையாவது கொடுக்காதீர்கள். உலகுக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை இவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் என் பக்கத்தில்தான் நியாயம் இருந்தது என்று வாதாடுவதற்காக எழுதுகிறேன்.

ஜேர்மனியில், எசன் நகரில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் சேர்ந்தேன். மேசையில் மணல்பைகள் இருக்கும். அவற்றின் மேல் துப்பாக்கியைக் கிடத்திவிட்டு, பின்னால் கதிரையில் இருந்து, ஐம்பது மீற்றர் தள்ளியுள்ள கடதாசியில் ஒரு சின்னப் புள்ளியைச் சுட வேண்டும். (இதுவும் ஒரு விளையாட்டா என்று கேட்பவர்கள் முதலில் அரை மணித்தியாலம் மூக்கைச் சொறியாமல் இருந்து காட்டட்டும்.) சங்கத்தின் இரவல் துப்பாக்கியில் பழகி, பரீட்சை எழுதி, அனுமதியும் எடுத்துவிட்டேன். சொந்தமாக ஒன்று செய்விக்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் குழல் வந்து நின்றது.

சங்கத்தில் எல்லோருடையதும் நீளக் குழல். விளையாட்டுப் பொறுப்பாளர் கிளவுஸ் நீளத்தின் பக்தர். நான் எதிர்க்கட்சி. குழல் குட்டையானால் விறைப்பாக இருக்கும், அதிர்வு குறையும், சின்னத் தோட்டாவின் மருந்து பாதித் தூரத்திலேயே எரிந்து முடிந்துவிடும், மீதிக் குழல் வெறும் அலங்காரம் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். யாரும் கேட்காதபோதும் விளக்கினேன். ஐம்பது சென்ரிமீற்றர் போதும் என்றேன். அடுத்த வாரம் நாற்பத்தெட்டு என்றேன். பிறகு ஐம்பத்தொன்று. துப்பாக்கி செய்பவரிடம் மற்ற எல்லா அளவையும் கொடுத்துவிட்டு, "நீளத்தை நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வரவேயில்லை. கணக்குத்தான் வந்துகொண்டே இருந்தது.

இத்தனைக்கும் நான் துவக்குச் சுடுவது அம்மாவுக்குத் தெரியாது.

நான் பொய் சொல்லவில்லை. ஜேர்மன் மொழியில் குழலுக்கு லவுஃப் என்று பெயர். ஓட்டத்துக்கும் லவுஃப்தான். தொலைபேசியில் நான் எந்நேரமும் "என்ர லவுஃப், என்ர லவுஃப்" என்று கத்துவதைக் கேட்ட அம்மா, பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் இறங்கிவிட்டாள் என்று தானாக முடிவெடுத்துவிட்டா. நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். காலையில் இரண்டு முட்டை கூடுதலாக வந்தது. கெண்டைக்காலுக்கு நல்லெண்ணெய் வந்தது. தன் சொந்தச் சனத்தையே துவக்குக்குப் பறிகொடுத்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்த மனிசியிடம், உண்மையைச் சொல்லி முட்டையையும் எண்ணெயையும் இழக்க எனக்கு என்ன விசரா?

போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் துப்பாக்கியை எடுக்கப் போனேன். துப்பாக்கி செய்பவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கிடந்ததைப் பார்த்ததும் வேறு யாருடையதையோ மாறித் தருகிறார் என்று நினைத்தேன்.

"முப்பது அங்குலம்," என்றார் பெருமையாக. எழுபத்தாறு சென்ரிமீற்றர். கிளவுஸின் குழலே அதற்குத் தம்பி.

"யார் சொன்னது?"

"உங்கள் அம்மா. நீங்கள் எடுக்கவேயில்லை, அதனால் வீட்டுக்கு அடித்தேன். லவுஃப் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டேன். முடிந்தளவு நீளம் என்றார். என் மகள் பலசாலி என்றார். இப்படித் தெளிவான வாடிக்கையாளரை நான் கண்டதில்லை."

முப்பது அங்குலத்துக்கும் சம்மதமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாராம். அங்குலத்துக்கு ஜேர்மனில் ட்சொல் என்பார்கள். சுங்கத்துக்கும் அதுதான். கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பும் பொதியெல்லாம் சுங்கத்தில் மறிபடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் முப்பது யூரோ சுங்கவரி என்று நினைத்து அம்மா உறுதியாகச் சொல்லியிருக்கிறா: "ட்சொல் பிரச்சினை இல்லை."

வீட்டுக்குப் போனபோது அம்மா கதவடியிலேயே சிரித்தபடி நின்றா. "சப்பாத்து வந்திட்டுதோ?" கடைக்காரர் நீள ஓட்டத்துக்குக் காலில் போடும் சப்பாத்தைப் பற்றித்தான் கேட்டார் என்று நினைத்திருக்கிறா.

"ஓம் அம்மா."

"அளவா இருக்கோ?"

"கொஞ்சம் நீளம்."

"அது போடப் போடச் சரிவரும்."

வெட்டிக் குறைக்க நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் வெட்டியிருப்பேனோ தெரியாது. வெட்ட வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். குழலின் நீளத்தை என் அம்மா முடிவு செய்தா என்று சங்கத்தில் சொல்வதைவிட நான் விஞ்ஞானத்தையே மாற்றத் தயாராக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைத்தான் செய்தேன். மேசையில் துப்பாக்கியை வைத்துக் கையை எடுத்ததும் அது முன்பக்கம் சரிந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னது.

கிளவுஸ் வந்து சுற்றிப் பார்த்தார். "ரூர் ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறாயா?"

"தடிப்பான குழலில் நீளம் ஒரு குறையல்ல," என்றேன்.

"போன மாதம் மீதிக் குழல் அலங்காரம் என்றாய்."

"போன மாதம் எனக்கு அனுபவம் போதாது."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அப்பால், பார்வையாளர் அறைக்குள், அம்மாவும் சித்தியும் நுழைந்தார்கள். எங்கே, எப்போது போட்டி என்பதையும் துப்பாக்கி செய்பவர் தொலைபேசியில் சொல்லிவைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தியின் கையில் துவாயும் தோடம்பழப் பையும். அம்மாவின் கையில் குளுக்கோஸ் கரைத்த போத்தலும் ஒரு பெரிய மட்டையும். மட்டையில் சிவப்பு மையில், "ஓடு தர்ஷி ஓடு".

யாரோ முதல் வெடி வைத்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஒருவருமில்லை. தோடம்பழங்கள் மட்டும் நிலத்தில் உருண்டுகொண்டிருந்தன. இருவரும் மேசைக்குக் கீழே இருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பாய்ச்சல் அது. என் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று விதிப்படி கிளவுஸிடம் காட்டிவிட்டு ஓடினேன். (ஆம், அன்று நான் உண்மையிலேயே ஓடினேன்.)

மேசைக்குக் கீழே குனிந்தேன்.

"இதென்னடி?" என்றா அம்மா.

"லவுஃப், அம்மா."

"எங்க ஓடுற இடம்?"

"ஓடுறேல்ல. கதிரையில இருந்துதான்."

அம்மா என்னையும் கண்ணாடியையும் மாறிமாறிப் பார்த்தா. "இருந்துகொண்டு ஓடுறியோ?"

சித்திதான் முதலில் சிரித்தா. மேசைக்கு அடியில் சிரிப்பை அடக்கப் பார்த்து, தலையை மேசையில் இடித்து, பிறகும் சிரித்தா. அம்மா சிரிக்கவில்லை.

"இந்தச் சத்தத்துக்கு நாங்கள் ஓடின ஓட்டத்துக்கு எங்கட குடும்பத்துக்கே மெடல் தரோணும். நீ இதைத் தேடி வந்து கேக்கிறாய் என்ன?"

நான் பின்வாங்கவில்லை. "நீங்கள் ஓடினனீங்கள் அம்மா. நான் ஓடமாட்டன். இது கடதாசியில போடுற ஓட்டை. ஒருத்தருக்கும் நோகாது. எனக்கு இது விருப்பம். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, வீட்ட வாறன்."

சொல்லிவிட்டு, சொல்லிவிடுவாவோ என்று பயந்தேன்.

அம்மா மேசைக்குக் கீழிருந்து மெல்ல எழும்பி, சேலையைத் தட்டி, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தா. "முன்னால நீட்டிக்கொண்டு கிடக்கிறது ஆற்ற துவக்கு?"

"என்ர."

"ஏன் உன்ரது மட்டும் அவ்வளவு நீளம்?"

"நீங்கள்தான் சொன்னனீங்கள். சப்பாத்து."

அம்மாவின் முகத்தில் அந்தத் தொலைபேசி அழைப்பு சொல் சொல்லாகத் திரும்பி ஓடியது. நீளம். ட்சொல். பலசாலி. மற்றவர்களின் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"எல்லாரையும்விட நீளம்தானே. அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கிறன். போ, போய் இரு. மிச்சத்தை வீட்ட கதைப்பம்."

கடைசிக்கு முந்திய இடம் வந்தேன். அதற்குக் குழல் பொறுப்பல்ல. முதுகுக்குப் பின்னால் காதுமூடி மாட்டிய இரண்டு பெண்கள் "ஓடு" என்ற மட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உங்களுக்கும் குறி தப்பும். மட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கிளவுஸ் கேட்டாராம். "அசையாமல் இரு என்று," என்று அம்மா மொழிபெயர்த்திருக்கிறா.

வீட்டில் கதைத்த மிச்சம் மூன்று மாதம் நீடித்தது. முட்டை நின்றது, பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

என் கணக்கு சரி. ஐம்பது சென்ரிமீற்றர் போதும். இன்றைக்கும் யாருடனும் வாதாடத் தயார். ஆனால் அந்தக் குழலை நான் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன். துப்பாக்கி செய்பவர் வருடா வருடம் கேட்பார், நான் வருடா வருடம் தலையாட்டி மறுப்பேன்.

எங்கள் சொந்தத்தில் இப்போது யாராவது சோபாவை விட்டு எழும்பாமல் கிடந்தால், "தர்ஷி மாதிரி லவுஃப் போறார்" என்கிறார்கள். போன மாதம் ஒரு கலியாண வீட்டில், பிள்ளை இப்பவும் ஓடுறாவோ என்று ஒரு அன்ரி கேட்டா.

"ஓம்," என்றா அம்மா, வடையைக் கடித்தபடி. "எங்கட பிள்ளை இருந்து ஓடுறவள். அந்தச் சங்கத்திலயே அவளின்ர லவுஃப்தான் நீளம். நான்தான் சொல்லிச் செய்விச்சனான்."