கட்டிங்கில் போன தாய்மாமன்

வெட்டும் மெஷினிலிருந்து எடுத்த கல்யாணப் பத்திரிகையைச் சில்வியா இன்னொரு தடவை படித்தாள். கீழே ‘தாய்மாமன்’ என்று இருந்தது. யார் அந்த மாமன் என்பதுதான் இல்லை. ‘ப. ராஜப்பன்’ என்ற வரி மட்டும் கீற்றுக் கீற்றாகக் குப்பைக்கூடையில் கிடந்தது.

பதினெட்டு வயசு. இந்த அச்சகத்தில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதலாளி அந்தோணி பிரகாஷ் கம்பைநல்லூருக்குக் கிளம்பும்போது, "இன்னொரு வாட்டி பேப்பர வேஸ்ட் பண்ணீன்னா அப்படியே வூட்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

எல்லாம் கல்யாணப் பெண்ணின் அப்பா காளியப்பனால் வந்த வினை. பாப்பாரப்பட்டியில் இருந்துகொண்டு, "பிள்ளையாரப் பெருசாக்கு, இன்னும் பெருசாக்கு" என்று வாட்ஸ்அப்பில் படுத்தி எடுத்தார். பிள்ளையார் வளர வளர மற்றவர்களெல்லாம் கீழே இறங்கினார்கள். கடைசி ஆளான தாய்மாமன், வெட்டுக் கோட்டுக்கு வெளியே போய் ப்ளீடில் விழுந்துவிட்டார். வெட்டாத ப்ரூஃபில் பேர் தெரிந்ததால் காளியப்பனும் ஓகே சொல்லிவிட்டார்.

அவர் வீட்டிலிருந்து பத்திரிகை வாங்கிப் போக வந்த ஆள், காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. டிரைவராக இருக்கும் என்று சில்வியா நினைத்துக்கொண்டாள்.

"ப்ளீடுன்னா என்ன பாப்பா?"

"ஓரத்துல வெள்ள தெரியக்கூடாதுன்னு கலர வெட்டுக் கோட்டுக்கு வெளியயும் கொஞ்சம் வுடுவோங்க. வெட்டி வீசறதுக்குன்னே இருக்கற எடம். அதுல போயி ஒரு மனுசன் பேர…" கூடையிலிருந்து ஒரு கீற்றை எடுத்துக் காட்டினாள்.

"போனா போவுது. இப்படியே கட்டிக் குடு, நான் கெளம்பறேன்."

"மாமன் பேரு இல்லாம எப்படீங்க? சண்டையாயிரும்!"

"ஆனா ஆவட்டும்."

இவருக்கென்ன, வண்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். போன் அடித்தது. காளியப்பன்.

"மச்சான் பேரு பளிச்சுன்னு தெரியுதா பாப்பா? ஏற்கெனவே முறுக்கிக்கிட்டுத் திரியறாரு. பேரு வரலீன்னா மணவறப் பக்கமே வரமாட்டாரு. என் பொண்ணு கல்யாணமே நாறிரும்."

"தெரி… தெரியுதுங்க."

பொய் சொல்லிவிட்டு கம்ப்யூட்டரில் விழுந்தாள். மொத்த டிசைனையும் கொஞ்சம் சுருக்கினாள். மாமன் உள்ளே வந்தார். ஆனால் ப்ளீடும் சேர்ந்து சுருங்கி, வெட்டியதும் நாலு பக்கமும் வெள்ளைக் கோடு பல்லைக் காட்டியது.

"இதுக்கு அதே தேவலாம். அந்தப் பழசயே குடேன்," என்றார் பெஞ்சுக்காரர்.

"சும்மா இருங்கண்ணா!"

ஓரத்துக்கு மட்டும் புதுசாகச் சிவப்பு போட்டாள். ஸ்கிரீனில் குங்குமமாக ஜொலித்தது. பேப்பரில் செங்கல்லாக வந்தது.

"டிவியில ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணா?"

"ஸ்கிரீன் வெளிச்சத்துல காட்டுதுங்க, அது ஆர்ஜிபி. மெஷின்ல நாலு கலரு டோனர் பொடி மட்டுந்தான், சிஎம்ஒய்கே. அந்த வெளிச்சத்த பேப்பர்ல நான் எங்க போயி எடுக்கறது?"

சிவப்பு ஏறட்டும் என்று ரோஸ் கலரான மெஜந்தாவைக் கூட்டினாள். அவசரத்தில் ஓரத்துக்கு மட்டும் என்று தேர்ந்தெடுக்க மறந்துவிட்டாள். பிள்ளையார் ரோஸ் பவுடர் பூசிக்கொண்டு வெளியே வந்தார்.

சில்வியாவுக்கு அழுகை வந்துவிட்டது. குப்பைக்கூடை வேறு நிரம்பி வழிந்தது. முதலாளி வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

"அழுவாத கண்ணு. மொதல்ல வெட்டுனியே, அதான் எல்லாத்துலயும் அம்சம். அதயே கட்டு. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"உங்களுக்குப் புரியலீங்கண்ணா! அந்த மாமன் மனசு என்ன பாடுபடும்? கூடப்பொறந்தவ பொண்ணு கல்யாணம், அதுல அவரு பேரே இல்லீன்னா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய ஃபைலை மறுபடி திறந்தாள். காளியப்பன் என்ன வேண்டுமானாலும் கத்தட்டும் என்று பிள்ளையாரைப் பாதியாகக் குறைத்தாள். சிவப்பைத் தொடவே இல்லை. ராஜப்பனை நட்டநடுவில் கொண்டுவந்து, மஞ்சளில், தடித்த எழுத்தில் உட்கார வைத்தாள். ஒரே ஒரு கார்டை அடித்து வெட்டிப் பார்த்தாள். ஓரம் சுத்தம், சிவப்பு சிவப்பாகவே இருந்தது, பேர் எதிர்க்கடையிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதை போட்டோ எடுத்துக் காளியப்பனுக்கு அனுப்பினாள். பதிலுக்குக் கைகூப்பும் பொம்மைகளாக வந்து விழுந்தன. மிச்சத்தையும் அடித்து முடித்து, கட்டைத் தூக்கி பெஞ்சுக்காரர் மடியில் வைத்தாள்.

"பாருங்கண்ணா! இப்ப அந்த மாமன் சந்தோசப்படுவாரில்ல?"

அவர் அந்த மஞ்சள் எழுத்தை விரலால் தடவினார்.

"நான்தான் பாப்பா அந்த ராஜப்பன், பேரு போடலீன்னு கோவிச்சுக்கிட்டு சீர் செய்யாமத் தப்பிச்சிரலாம்னு காலையில இருந்து கெடந்து கெஞ்சறேன், இப்படிக் கெடுத்துட்டியே!"