சிங்கம் நின்ற பக்கம்

இந்த முறை கப்பலேறியே தீருவது என்று ஹினேஸ் முடிவு செய்துவிட்டான். பெரு தேசத்துக்கு. தனியாக. செவில் நகர நாணயச்சாலையில் இருபது வருடமாகத் தங்கக் காசுக்கு அச்சு வெட்டுகிறவன். வீட்டிலோ அவன் பேச்சு செல்லாக் காசு.

வழிச்செலவுக்கு ஒரே வழி, மனைவி கசில்டாவின் கல்யாணக் காசு. கோயிலில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டுகிற பதிமூன்று எஸ்குடோ. சொக்கத் தங்கம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் பையை அவிழ்த்துப் பார்ப்பாள். அதனால், அவள் காலைப் பூசைக்குப் போன நேரமாகப் பார்த்துப் புதிதாக ஓர் அச்சு வெட்டினான். பித்தளையில் பதிமூன்று அடித்தான், முலாம் பூசினான், பையில் போட்டான். அசலை இடுப்பில் முடிந்துகொண்டான்.

கப்பல் கிளம்பும் நாள் ஞாயிறாகப் போயிற்று. கசில்டா காசுகளை மேசைமேல் பரப்பியிருந்தாள்.

“ஏங்க, காசுல சிங்கம் எந்தப் பக்கம் நிக்கும்?”

“இது என்னடி கேள்வி? மேல இடது மூலையில கோட்டை, அதுக்கு வலப்பக்கம் சிங்கம். ராசாவோட கேடயமாச்சே, மாறுமா?”

“இதுல சிங்கம் முந்திக்கிச்சே!”

ஹினேஸ் குனிந்து பார்த்தான். காசில் வலப்பக்கம் விழவேண்டியதை அச்சில் இடப்பக்கம் வெட்டவேண்டும். இருபது வருடம் தப்பாத கை, திருட்டு அவசரத்தில் நேராக வெட்டித் தொலைத்திருந்தது. வாழ்க்கையில் அவன் நேராகச் செய்த ஒரே வேலை அதுதான்.

“தேஞ்சிருக்கும்டி.”

“தேஞ்சா சிங்கம் எந்திரிச்சு நடக்குமா? இடுப்பு முடிச்சை அவிழுய்யா.”

மரியாதை போயிற்று. அவிழ்த்தான்.

“இதை நீ என் கையில கொட்டின அன்னிக்கு அழுதேன்யா. சந்தோஷத்துல. மடச்சி நான்.”

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கப்பல் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“தப்புதான், விடு. அந்தப் பித்தளையைக் குடு, உருக்கிடறேன்.”

“தங்கத்தை வேணா நீயே வச்சுக்கோ.” அசலை அவன் பக்கம் தள்ளினாள். போலிகளைப் பையில் அள்ளிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். “கள்ளக் காசு அடிச்சவனைத் தீயில போடுவாங்களாமே? பெருவுலயும் ராசா ஆளுங்க இருக்காங்கல்ல?”

ஆற்றுத்துறையில் கப்பலின் பீரங்கி முழங்கியது.

“போறதுன்னா போய்யா. இல்லேன்னா அந்தப் பூண்டை உரி.”

ஹினேஸ் பூண்டு உரிக்க உட்கார்ந்தான்.