ஹங்கேரி ரயிலுக்குக் கரண்ட்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வந்த லோடுமேன், குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் பாயில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு பழைய ஹங்கேரி பொம்மை ரயில் எஞ்சினிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஓடித் தொலையேன்."

அது ஓடவில்லை. அலமாரி நிறைய இருந்த மற்ற எஞ்சின்களும் ஓடியதில்லை. எல்லாம் ஐரோப்பாவில் என்றைக்கோ இழுத்து மூடிய கம்பெனிகளின் சரக்கு. பேர் தெரியாத கம்பெனி என்றால் அவனுக்கு இன்னும் ஆசை.

"பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணாவது ஓடணும்," என்றாள் மனைவி. "இல்லேன்னா அலமாரி என் துணிமணிக்கு. இதெல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு."

எஞ்சினின் விலாவில் ஓர் ஓட்டை. கூட வந்த காகிதத்தில் இருந்த ஹங்கேரி எழுத்து அவனுக்கு எங்கே புரியப்போகிறது? ஒயர் போகும் வழி அதுதான் என்று முடிவுகட்டி, ரேடியோ அடாப்டரின் ஒயரைச் சொருகினான். எஞ்சின் அசையவில்லை. அடாப்டர் புகைந்து அடங்கியது.

கிரேன் ஓட்டும் மைத்துனனுக்குப் போன் போட்டான்.

"சீமைச் சரக்கு மாமா. இந்தச் சுண்டைக்கா கரண்டுக்கெல்லாம் மசியாது. லாரி பேட்டரி குடுத்துப் பாருங்க."

பேட்டரியை மாடிக்குத் தூக்கி வந்ததில் இடுப்பில் மிச்சமிருந்ததும் போயிற்று. ஒயர் சிவக்கப் பழுத்தது. பாய் தீய்ந்தது. கூலி கூட்டிக் கேட்டால் மேஸ்திரி உட்கார்ந்திருப்பாரே, அப்படி உட்கார்ந்திருந்தது எஞ்சின்.

"ஐயோ, என் பாயி!"

பொழுது சாய்ந்தது. மனைவி விளக்கைப் போட்டுவிட்டு, கோணியை எடுத்துக்கொண்டு அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

"இரு, இரு! கடைசியா ஒரே ஒரு தடவை."

ஒயரை நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்தான்.

டப்!

வீடு இருண்டது. கட்டடமே இருண்டது. கீழே யாரோ கத்தினார்கள்.

கீழ்வீட்டுக் கறிக்கடைக்காரர் டார்ச்சோடு ஏறி வந்தார். "என்னய்யா பண்ணித் தொலைச்ச? என் ஃபிரிட்ஜு புகைஞ்சு செத்துப்போச்சு!"

லோடுமேன் எஞ்சினைக் காட்டினான். "இது ஓட மாட்டேங்குதுண்ணே."

அவர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சதுரமாய் ஒரு கம்பி. தரையில் கிடந்த குறட்டின் மூக்கை நுழைத்து அதைத் திருகினார். கரகரவென்றது. கீழே வைத்ததும் எஞ்சின் குடுகுடுவென்று ஓடி, மனைவியின் காலில் முட்டி நின்றது.

அவள் கோணியைக் கீழே போட்டாள். "அட, ஓடுதே!"

"சாவி குடுத்தா ஓடுற ரயிலுய்யா இது," என்றார் கறிக்கடைக்காரர். "கரண்ட்ல ஓடினது என் ஃபிரிட்ஜுதான். நீ எனக்கு ஒரு ஃபிரிட்ஜு பாக்கி."