கறி தின்ற வாயும் ஒரு துண்டு பீட்சாவும்

பீட்சாவின் மேல் சீஸ் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. எல்யாஷிவ் அதைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான்.

யூத மத விதிப்படி, கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரத்துக்குப் பால், தயிர், சீஸ் எதுவும் வாயில் படக்கூடாது. அவனோ சற்று முன்புதான் அம்மா வீட்டில் கறி உருண்டைக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தான். "பொண்ணு முன்னாடி பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் அள்ளித் திங்காதே. இங்கயே வயித்த நிரப்பிட்டுப் போ" என்பது அம்மாவின் உத்தரவு.

பால் கடையா கறிக் கடையா என்று சொல்லும், யூத குருமார்களான ரப்பிகளின் சான்றிதழை வாசலில் படிக்காமல் ஜெருசலேமில் எந்தக் கடைக்குள்ளும் அவன் கால் வைத்ததில்லை. இன்று முன்னால் நடந்த, தரகர் பார்த்துச் சொன்ன பெண் ரெனானாவைப் பார்த்துக்கொண்டே நுழைந்துவிட்டான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தரகர் போன தடவை காட்டிய பெண் இவனை வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணமே, "முப்பத்திரண்டு வயசுல அம்மா ஊட்டி விடுற பிள்ளை" என்பதுதான். அவள் போனதில் வருத்தமில்லை. ரெனானா போனால் தாங்க மாட்டான். முதல் சந்திப்பில் அவனுடைய கணக்கு வாத்தியார் ஜோக்குக்கு அவள் சிரித்தாள். அதற்கு ஒரு மனித உயிர் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எடுத்துக்கோங்க, ஆறிடும்" என்றாள்.

"வயிறு கொஞ்சம் சரியில்ல."

அவள் நர்ஸ் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கே வலி, எப்போதிருந்து, காய்ச்சல் உண்டா என்று ஆரம்பித்தாள். வலது பக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவள் முகம் மாறியது. குடல்வாலாக இருக்கலாம், டாக்ஸி கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்துவிட்டாள்.

"வலியெல்லாம் இல்லீங்க. விரதம். இன்னிக்கு எங்க தாத்தா நினைவு நாள்."

போன் கீழே இறங்கியது. அவள் பார்வை அவனுடைய புதினா எலுமிச்சைச் சாற்றின் மேல் நின்றது. விரதத்தில் தண்ணீர்கூட ஆகாது. அவன் பாதிக் கோப்பையைக் காலி செய்திருந்தான்.

"எந்தத் தாத்தா?"

"அம்மாவோட அப்பா."

"இன்னும் தினம் நீச்சலுக்குப் போறாருன்னு சொன்னீங்களே, அவரா?"

பீட்சாவும் ரொட்டிதான், தின்னும் முன் சடங்குப்படி கை கழுவ வேண்டுமென்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். இனி வாயை நம்பிப் பயனில்லை என்று எல்யாஷிவுக்குப் புரிந்தது. சாப்பிட்டுவிட்டதாகக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும். தன் தட்டிலிருந்த துண்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பைக்குள் தள்ளினான். சூடு நெஞ்சைப் பொசுக்கியது.

திரும்பி வந்தவள் அவனுடைய காலித் தட்டைப் பார்த்தாள். முணுமுணுவென்று ரொட்டிக்கான ஆசியைச் சொல்லி ஒரு வாய் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"விரதம் முடிஞ்சிடுச்சா?"

அதை மறந்தே போயிருந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் தக்காளிச் சிவப்பு மெல்லப் பரவியது. அவள் சிரிக்கவில்லை.

பரிமாறும் பெண் அத்வா ஈரத் துணியோடு ஓடி வந்தாள். அதை வாங்கிக்கொண்டு, துடைக்காமல், எல்யாஷிவ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா வீட்ல கறி சாப்பிட்டுட்டு வந்தேங்க, அதான் சீஸைத் தொடல. அம்மா பிள்ளைன்னு தெரிஞ்சா நீங்களும் போயிடுவீங்கன்னு பயம். அதான் பொய் சொன்னேன்."

ரெனானா உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்வாதான் குழம்பிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது முந்திரிப்பருப்புல செஞ்ச சீஸ், அண்ணா. 'அவரு அம்மா கறி போடாம அனுப்ப மாட்டாங்க, உங்க கடையில பாலே சேர்க்க மாட்டீங்கதானே'ன்னு கேட்டு, நேத்தே இந்த மேசையைச் சொல்லி வெச்சது இந்த அக்காதானே?"