வாத்து காட்டிக்கொடுத்த இடம்

அன்பும் பாசமும் நிறைந்த, சில வாரங்களாக இரண்டும் சற்றுக் குறைந்துபோன மச்சான் வெண்டெலுக்கு, உன் அக்கா புருஷன் டெல்மர் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் லவோனும் நலம். வண்டியும் நலம், அதன் பின்கண்ணாடியைத் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஷெபாய்கனில் நீயும் ரோஷெலும் நலமா என்று போனிலேயே கேட்டிருப்பேன். நீதான் என் பேரைப் பார்த்ததும் எடுப்பதில்லையே. அதனால் தபால்தலை ஒட்டிக் கேட்கிறேன்.

நீ உன் அக்காவிடம் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. "ரத்த சொந்தமா இருந்தா வாய மூடிட்டு இருந்திருப்பான், வெளியிலேர்ந்து வந்தவன்தானே" என்றாயாம். அது என்னைச் சுட்டது, மச்சான். உன் அப்பா கடைசியாக ஏரிக்கு வந்த அந்தக் குளிர்காலத்தில் நம் இருவரையும் மட்டும் கூட்டிக்கொண்டுபோய், கரையில் இடி விழுந்த பைன் மரத்தையும் எதிர்க்கரைத் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் நிறுத்திக் காட்டி, "இதான் இடம். பெர்ச் மீன் இங்கதான் படுத்திருக்கும். செத்தாலும் வெளிய சொல்லக்கூடாது" என்றார். அவர் போய்விட்டார், சொல்லவில்லை. நான் இன்னும் இருக்கிறேன், நானும் சொல்லவில்லை. சொன்னது வாத்து. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இலையுதிர் காலத்தில் நான் ஸ்கிப் டோர்ஷ்னரின் வண்டிக் கடையில் புது பிக்கப் வண்டி வாங்கினேன் அல்லவா, அன்றைக்கே ஆரம்பித்தது சனியன். கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஸ்கிப் ஒரு பெரிய மணியை அடித்தான், கடையிலுள்ள அத்தனை பேரும் கை தட்டினார்கள், என் கையில் ஒரு பலூனையும் உறைந்த வான்கோழி ஒன்றையும் கொடுத்து, வண்டி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவன் பின்னால் போய்க் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். பல்லிளிக்கும் வாத்து. வாத்துக்கு ஏது பல் என்று கேட்காதே, டோர்ஷ்னர் கடை வாத்துக்கு உண்டு. "ஏம்ப்பா, காசும் குடுத்துட்டு உன் விளம்பரத்தையும் நான் சுமக்கணுமா?" என்று கேட்டேன். ஸ்கிப் என் தோளில் கை போட்டான். "அண்ணே, இது விளம்பரம் இல்ல, குடும்பம். உள்ள ஒரு சின்ன சில்லு இருக்கு. வண்டி திருடு போச்சுன்னா எங்க இருக்குன்னு வாத்து சொல்லிடும். உங்களுக்கு இலவசம்." நம் ஊரில் கடைசியாகத் திருடு போனது லூத்தரன் சர்ச்சின் காப்பிப் பானை. அதையும் கத்தோலிக்கர்கள் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் இலவசம் என்றானே என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே என் கைப்பேசி "குவாக்" என்றது. "டெல்மர், இன்று எங்கள் கடையைக் கடந்து போனீர்கள், உள்ளே வரவில்லையே" என்று வாத்து எழுதியிருந்தது. நான் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு ஆயில் மாற்ற என் பழைய பஸ் டிப்போ நண்பன் வீட்டுக்குப் போனேன், அவன் வாசலில் செய்தால் பாதிச் செலவு. அன்று மாலை லவோன் மேஜைமேல் இருந்த என் கைப்பேசியை எடுத்துப் படிக்கிறாள்: "டெல்மர், உங்கள் வண்டி இன்று வேறொருவர் வாசலில் நெடுநேரம் நின்றதைப் பார்த்தோம். எங்களுக்கு மனது கஷ்டமாகிவிட்டது." உன் அக்கா முகம் உனக்குத் தெரியும். "யாரு வாசல்ல?" என்றாள். "ஆயில் மாத்தப் போனேன்டி" என்றேன். "இந்த வயசுல அதுக்கு இப்படி ஒரு பேரா?" என்றாள். நண்பனையே வரவழைத்து, எண்ணெய்க் கறை படிந்த அவன் கையைக் காட்டிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு கிடைத்தது.

ஹார்லன் மாமா அடக்கத்துக்கு நீ வர முடியவில்லை. நல்லதாயிற்று. பாஸ்டர் மண்ணை அள்ளி "மண்ணுக்கு மண்" என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் என் சட்டைப் பையில் குவாக். ஒரு தடவை இல்லை, நான் கையுறையைக் கழற்றி அதை அமுக்கும் வரைக்கும். பாஸ்டர் மண்ணைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். "குளிரில் நெடுநேரம் நிற்கிறீர்களே, சூடாகும் இருக்கை போட்டுக்கொள்ளலாமே" என்று எழுதியிருந்தது. அத்தை மட்டும் சிரித்தார், அது போதும் எனக்கு. அப்புறம் தபாலில் ஒரு சாவி வந்தது, இந்தச் சாவி எங்கள் கடையில் நிற்கும் புதுக் காரைத் திறந்தால் கார் உங்களுக்கே என்று. லவோன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாதி ஊருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். எந்தச் சாவியும் எதையும் திறக்கவில்லை. எல்லோருக்கும் வண்டிக் கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்ட, வாத்து வடிவத்தில் ஒரு சுரண்டி கொடுத்து அனுப்பினார்கள். அதன் அலகு முதல் நாளே உடைந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஏரியைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏரி உறைந்ததும், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க நான் எப்படிப் போவேன் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா போன மாதிரியே போனேன். முதலில் ஊருக்கு எதிர்த்திசையில் சரளைக்கல் குவாரி வரை போய், யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, நாணலுக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்தினேன். துளைக்கு மேல் இழுத்து நிறுத்தும் என் மீன்பிடிக் கொட்டகைக்கு வெள்ளைச் சாயம் பூசினேன், பனியோடு பனியாகத் தெரியட்டும் என்று. பிடித்த மீனைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன், வயிறு சில்லிட்டுப் போனது. எங்கே பிடித்தாய் என்று கேட்டால் "தண்ணில" என்று சொல்வதுதான் நம் ஊர் மரியாதை. நான் அதற்கும் ஒரு படி மேலே போய், பாஸ்டரிடமே "ஒண்ணும் மாட்டல" என்று பொய் சொன்னேன். கோட்டுக்குள் ஒன்று அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும், என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒரு வாத்து உட்கார்ந்து ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

டோர்ஷ்னர் கடையில் காப்பி இலவசம், டோனட் இலவசம். அந்த மேஜைக்கு மேலே சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைத்திருக்கிறார்கள். "எங்கள் குடும்பத்தின் குளிர்காலம்" என்று தலைப்பு. மாவட்ட வரைபடத்தில் அவர்கள் விற்ற வண்டி ஒவ்வொன்றும் ஒரு குட்டி வாத்தாக நகர்கிறது. ஏரியில் அதிக நேரம் நிற்கும் வாத்துக்குத் தலையில் கிரீடம், பக்கத்தில் பேர்: டெல்மர் ராடாட்ஸ், மீன்பிடி மன்னன். நம் ஊர் கோர்டி பியான்டெக் டோனட் தின்னப் போனவன் அண்ணாந்து பார்த்திருக்கிறான். டோனட்டுக்குள் இருந்த ஜெல்லி சட்டையில் ஒழுகுவதுகூடத் தெரியாமல் பார்த்தானாம், பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்தாய். என்ன பார்த்தாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் இடத்தில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம், கொட்டகைக்குக் கொட்டகை இடித்துக்கொண்டு நின்றது, ஒருவன் அடுப்பு வைத்து சாசேஜ் விற்றுக்கொண்டிருந்தான். உன் அப்பா வாளி கவிழ்த்து உட்காரும் அதே துளைப் பக்கத்தில் கோர்டி உட்கார்ந்து, "வாங்க வெண்டெல், எல்லாம் உங்க மச்சான் புண்ணியம்" என்றான். நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன், வழுக்கி விழுந்தேன், நீ கண்ணாடியில் பார்த்திருப்பாய். அன்றிலிருந்து உன் அக்கா வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடக் கிளப்புக்கு வருவதில்லை. தம்பி இல்லாத மேஜையில் எனக்கு என்ன வேலை என்கிறாள். நான் தனியாகப் போனால் கோர்டி எனக்கு பிராந்தி வாங்கித் தருகிறான். அதைவிட அவமானம் உண்டா, சொல்.

போன வாரத் திங்கள்கிழமை காலை கடை திறக்கும் முன்பே ஸ்கிப் வாசலில் போய் நின்றேன். "என் மாமனார் இடத்த ஊருக்கே காட்டிட்ட. வாத்த எடு" என்றேன்.

"அண்ணே, நீங்கதானே சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"வான்கோழிக்குப் போட்டேன்."

"ரெண்டுக்கும் ஒரே கையெழுத்துதான் அண்ணே. அதுவும் இல்லாம வாத்த உரிச்சா கண்ணாடியச் சூடாக்குற கம்பியும் கூடவே வந்துடும். புதுக் கண்ணாடி போடணும். கண்ணாடி மாத்துறதுன்னு ஆயிடுச்சுன்னா..." என்று கொஞ்சம் யோசிப்பது போல நடித்துவிட்டு, "புது வண்டியே பாத்துடலாமே. உங்க வண்டிய வாங்கணும்னு ஒருத்தர் துடிக்கிறார்."

"யாரு?"

"அதச் சொல்லக் கூடாதுண்ணே. வாடிக்கையாளர் ரகசியம்."

மச்சான், அந்த வார்த்தையை அவன் முகம் மாறாமல் சொன்னான். நான் அவன் டோனட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோபத்தில் எடுத்ததுதான், ஆனால் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து லவோனின் முடி உலர்த்தும் எந்திரத்தால் ஸ்டிக்கரைச் சூடாக்கி, தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக்கும் வாத்துக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இழுத்தேன். முழுசாகக் கழன்று வந்தது. கூடவே இரண்டு கம்பியும் வந்தன, அந்த அயோக்கியன் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை. குப்பையில் போடத்தான் நினைத்தேன். அது என் கையில் இருக்கும்போதே பையில் கைப்பேசி குவாக் என்றது. வாத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

பக்கத்து வீட்டு லைல் உனக்குத் தெரியும், சீஸ் தொழிற்சாலையில் வேலை. காலையிலிருந்து இருட்டும் வரை அவன் வண்டி தொழிற்சாலைக்குப் பின்னால் ஏரிக்கரையில்தான் நிற்கும். சீஸ் பிழிந்த தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் ஏரியில் கலக்கிறது. ஊறிப்போன காலுறை நாற்றம். அங்கே தூண்டில் போட்டவனை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. லைல் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவன் வண்டிக்கு அடியில் வாத்தை ஒட்டிவிட்டேன். மறுநாள் கடைத் திரையில் மீன்பிடி மன்னன் கிரீடத்தோடு சீஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அதற்கடுத்த நாளும் அங்கேயே. "டெல்மர் புது இடம் கண்டுபிடிச்சுட்டான்" என்று பேச்சு கிளம்பியது. நான் நாணலுக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தேன், மச்சான். கோர்டி தன் கொட்டகையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறான், பின்னாலேயே ஊர், அதன் பின்னால் சாசேஜ் கடைக்காரன். எல்லோரும் கழுத்துத் துணியால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆகவே நம் இடம் மறுபடியும் நமக்கே. ஒரு ஈ காக்கை இல்லை. வரும் சனிக்கிழமை சர்ச் மீன்பிடிப் போட்டி. உன் அப்பா வாளி அந்தத் துளைப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன், நீதான் வந்து உட்கார வேண்டும். நான் வெளியிலிருந்து வந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் அப்பா எனக்குக் காட்டிய இடத்தை நான் திரும்பப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இனியாவது என்னோடு பேசு. எனக்காக வேண்டாம், வெள்ளிக்கிழமை மேஜையில் உன் அக்கா பக்கத்து நாற்காலிக்காக வா.

ரோஷெலுக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு ஆசி. உன் நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. இந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான் என்னைச் சந்தேகப்படவில்லை.

என்றும் வாயைத் திறக்காத
உன் மச்சான்
டெல்மர் ராடாட்ஸ்

பின்குறிப்பு: நேற்று கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் கோர்டி வாசலில் வந்து நின்றான். வாளி நிறையப் பெர்ச், ஒவ்வொன்றும் ரொட்டி அளவு. சீஸ் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கொழுத்துக் கிடக்கின்றனவாம் அங்கே, இத்தனை வருஷம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. "ரெண்டாவது இடத்தையும் ஊருக்குக் காட்டிக் குடுத்தீங்களே, உங்க மனசு யாருக்கு வரும்" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நம் இடத்தில் நான் நான்கு நாளாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மீன்கூடத் தூண்டிலைக் கடிக்கவில்லை. மீன்கள்கூடத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன போலிருக்கிறது. உன் அக்கா இன்று காலை உன் அப்பா வாளியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைப் பக்கம் போய்விட்டாள். அங்கே எந்தத் துளையில் அதிகம் மாட்டுகிறது என்பது வாத்து ஒட்டியவர்கள் கைப்பேசியில் மட்டும்தான் தெரியுமாம், புதுத் திட்டம். அதனால் இப்போதுதான் ஸ்கிப் கடையில் வரிசையில் நின்று புது வாத்து ஒட்டிக்கொண்டு வந்தேன். சொந்தக்காரர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் வான்கோழியும் உண்டு என்றான், உன் பேரையும் எண்ணையும் கொடுத்திருக்கிறேன். ஆகவே சனிக்கிழமை பைன் மரத்துப் பக்கம் போகாதே, நேரே சீஸ் தொழிற்சாலைக்கு வா, மூக்குக்குத் துணி கொண்டுவா. வழி வாத்து சொல்லும். என் போனைத்தான் எடுக்க மாட்டாய், அதன் போனையாவது எடு.